சாவடி போயிற்று; எல்லை போயிற்றா?



திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இன்று விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துச் சிற்றூர். அவ்வூரார்க்கு அருகிலுள்ள பெருஞ்சந்தை விழுப்புரமன்று, புதுவையே. மொழி ஒன்று, உறவு ஒன்று, கொள்வினை கொடுப்பினையும் ஒன்று. ஆயினும் இடையே ஓர் எல்லை! அதனை இட்டவர் இவ்வூராரல்லர். ஆங்கிலேயரும் பிரஞ்சியரும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட நிலத்தின் தழும்பு அது.

அத்தழும்பின் மேல் சுங்கச் சாவடிகள் நின்றதுண்டு. 1941இல் இரு வல்லாட்சிகளும் சுங்க ஒன்றிப்புச் செய்துகொண்டன. 1949இல் அது முடிவுற்றதும் புதுவையைச் சுற்றிச் சுங்கக் காவல் மீண்டது. 1954 நவம்பர் 1இல் புதுவையின் ஆட்சி இந்திய ஒன்றியத்திடம் வந்தது, சாவடி போயிற்று. எல்லை போயிற்றா?

2017 சூலை 1 முதல், 'ஒரே நாடு, ஒரே வரி' என்னும் முழக்கத்தோடு சரக்கு–சேவை வரி வந்தது. அதன் உள்ளடக்கத்தைச் சற்றே பாருங்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 இலக்கம் உருபா வரை பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. இரும்பையில் ஊறுகாய் செய்யும் ஒரு பெண்மணி அதனைக் குமரிமுனை வரை அனுப்பி விற்கலாம், கேட்பாரில்லை. அதே ஊறுகாயில் ஒரு பெட்டியைப் பக்கத்துப் புதுவைக் கடைக்கு விற்று அனுப்பினாலோ, அது மாநிலங்களுக்கிடையிலான வணிகம்! விலை நூறு உருபாவே ஆயினும் பதிவு கட்டாயம். பதிவென்றால் கணக்கு, கணினி, கணக்கருக்குக் கூலி, காலந்தவறினால் தண்டம். விற்றுமுதலில் சிறு விழுக்காட்டைக் கட்டி அமையும் எளிய முறையும் எல்லை தாண்டிப் பொருள் விற்பவர்க்கு இல்லை. கீரையும் பாலும் வரியற்றவை யாதலின் தப்பின!

விலக்களிக்க இயலாதா? அளித்தே இருக்கிறார்கள். எல்லை தாண்டிப் பணி செய்து கூலி பெறுவோர்க்கு 20 இலக்கம் வரை பதிவு வேண்டா. கைவினைப் பொருள்களுக்கும் அத்தகைய விலக்குண்டு. ஊறுகாய்ச் சாடி என்ன குற்றம் செய்தது?

சரக்கு–சேவை வரி மன்றத்தில் தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் இருக்கை உண்டு. இவ்விரு அரசுகளும் சேர்ந்தே இவ்விலக்கைக் கேட்கவேண்டும். ஆனால் அங்கே ஒரு தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கெடை வேண்டும். நடுவணரசின் வாக்குக்கோ மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் யாவும் ஒருமித்து நின்றாலும், தில்லி தலையசைக்காவிடில் இரும்பையின் ஊறுகாய் எல்லையிலேயே நிற்கும்.