தீர்ப்பு வந்தது, ஆபீஸ் திறக்கவில்லை

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் செய்துகொள்வதைப் பற்றி நாம எதுக்குப் பேசணும் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அமெரிக்கா முழுவதையும் நான் பேசப் போவதில்லை. அலபாமா என்கிற ஒரே ஒரு மாநிலம். 1955இல் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கிய மண்; 1965இல் செல்மா ஊர்வலத்தின் மண்டையை உடைத்த மண். யார் யாரைக் கட்டலாம் என்பதை அங்கே யார் கையில் வைத்திருந்தார்கள் என்று பார்ப்போம்.

கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்ந்தால் கூடுதல் தண்டனை என்று அலபாமாவில் சட்டம் இருந்தது. 1883இல் உச்சநீதிமன்றம் இதைச் சரி என்றது. ஏன்? கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே தண்டனைதானே, இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டது. இந்த வாதத்தை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

1967இல் அதே உச்சநீதிமன்றம் இனக்கலப்பு மணத் தடைகள் செல்லாது என்றது. ஆனால் அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் அந்தத் தடை எழுத்தாக அப்படியே கிடந்தது. 2000இல்தான் வாக்கெடுப்பு வைத்து நீக்கினார்கள். அப்பவும் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் நீக்கக் கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள். செத்துப்போன சட்டத்தைக்கூட விட மனசு வரல. 2006இல் அதே மக்கள் முன்னால் இன்னொரு திருத்தம்: திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டுமே. சுமார் 81 சதவீத ஆதரவு. ஒருவரின் உரிமையை ஊரார் ஓட்டுக்கு விட்டால் இதுதான் கிடைக்கும்.

2015 சனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் இந்தத் தடையை உடைத்தது. உடனே மாநிலத் தலைமை நீதிபதி ராய் மூர், உரிமம் கொடுக்காதே என்று உத்தரவு போட்டார். பிப்ரவரி 9ஆம் தேதி காலையில் 67 கவுண்டிகளில் பெரும்பாலானவை கொடுக்கவில்லை. கவுண்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி. அங்கே திருமண உரிமம் கொடுப்பவர் புரோபேட் நீதிபதி. உயில், சொத்துப் பத்திரம், கல்யாணம் எல்லாம் அவர் ஆபீசில்தான். அவர் ஓட்டு வாங்கி வருகிற ஆள்.

சூன் 26இல் உச்சநீதிமன்றம் நாடு முழுக்க இந்த உரிமையை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் சில கவுண்டிகளில் ஒரு தந்திரம் நடந்தது. சட்டத்தில் உரிமம் ‘கொடுக்கலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘கொடுக்க வேண்டும்’ என்று இல்லை. அதனால் யாருக்குமே கொடுக்க மாட்டோம்! பைக் கவுண்டியில் வெஸ் ஆலன் என்ற நீதிபதி அப்படித்தான் செய்தார். யாருக்கும் இல்லை, அப்புறம் பாகுபாடு எங்கே? 1883இன் அதே வாதம்.

இது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. கறுப்பர்களை உள்ளே விடச் சொன்னதும் 1959இல் மாண்ட்கோமரி நகரம் தன் பூங்காக்களையே மூடியது. நமக்கும் புதிதல்ல. 2023இல் மேல்பாதியில் தலித்துகள் நுழைவதைத் தடுத்தார்கள். கடைசியில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நீ உள்ளே வர்றதைவிட எல்லாரும் வெளியே நிற்கிறது மேல். ஆதிக்கத்துக்குத் தெரிந்த சமத்துவம் இது ஒன்றுதான்.

அதே பைக் கவுண்டியில், குத்தகை விவசாயி மகனாக 1940இல் பிறந்தவர் ஜான் லூயிஸ். செல்மாவில் அடிபட்டவர். 1996இல் தன்பால் மணத்தை ஏற்க மறுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். கறுப்பர் தேவாலயங்களிலேயே இதை ஏற்காதவர்கள் நிறையப் பேர். ஆனாலும் பேசினார். என் வலி மட்டும்தான் வலி என்று சொல்லாததுதான் விடுதலை அரசியல்.

2019இல் அலபாமா உரிமத்தையே ஒழித்தது. இணையர் கையெழுத்திட்டுச் சான்றொப்பத்தோடு படிவம் கொடுத்தால் நீதிபதி பதிவு செய்தே தீர வேண்டும். அவர்கள் மனசாட்சியைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம்தான். ஆனால் தருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த மேசையிலிருந்து போனது.

இங்கே சிறப்புத் திருமணச் சட்டம், 1954. முப்பது நாள் முன்னறிவிப்பை ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும். சாதி மறுத்துக் கட்டுகிறவர்களுக்கு அந்த முப்பது நாள் என்பது என்ன? சொந்தக்காரன் ஆள் திரட்ட அரசாங்கம் கொடுக்கிற அவகாசம். 1936லேயே கலப்பு மணம்தான் சாதிக்கு உண்மையான மருந்து என்றார் அம்பேத்கர். அந்த மருந்துக்குச் சீட்டு எழுத வேண்டியவன் சார்பதிவாளர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். தன்பால் இணையருக்கோ அந்தச் சீட்டே கிடையாது. 2023 அக்டோபரில் நம் உச்சநீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

உள்ளூர் நாற்காலியின் விலை நமக்குத் தெரியும். 1997இல் மேலவளவில் அதற்கு உயிரைக் கொடுத்தோம். டெல்லியில் தீர்ப்பு வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. மீதி, பதிவு ஆபீஸ் வாசலில். அங்கே கட்டப்போகிற சோடியோடு நாலு பேர் கூடப் போய் நிற்கணும். சாதி மறுத்து வருகிற சோடிக்கு இன்றைக்கு; ஆணும் ஆணுமாய், பெண்ணும் பெண்ணுமாய் வருகிற சோடிக்குச் சட்டம் வருகிற அன்றைக்கு. நிற்பீங்களா, தோழர்களே?