அறியாத ஓடைக்கு ஒரு பயணம்



தண்டையார்பேட்டையில் வாழும் நமக்கு மீன் என்றதும் காசிமேடுதான் நினைவுக்கு வரும். விசைப்படகும் வலையும் விடியற்காலை ஏலக்குரலும் நாம் நாள்தோறும் அறிந்தவை. இக்கடற்கரையில் வளர்ந்த இளைஞர் சிலர், நீலகிரி மலையோடையில் தூண்டிலிட்டு டிரௌட் மீன் பிடிக்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் எவ்வாறு திட்டமிட வேண்டும்? இதுவே இன்றைய பேச்சின் பொருள். மீன் பிடிக்கவும் ஒரு திட்டமா என்று நகைத்துவிடாதீர்கள். அறியாத இடத்துக்குச் செல்பவன் தன் உயிரையும் அவ்விடத்து உயிர்களையும் ஒருங்கே பொறுப்பேற்றுக்கொண்டு செல்கிறான்.

முதலில் மீனை அறிய வேண்டும். டிரௌட் குளிர்நீர் மீன். நீர் குளிரக் குளிர, அதில் கரைந்து நிற்கும் உயிர்வளியும் மிகும். அந்த வளி மிகுந்த, தெளிந்து ஓடும் நீரில்தான் அது செழிக்கும். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்கு மேல் ஏறினால் துன்புறத் தொடங்கும். ஆகவே சமவெளி ஆறுகளில் அதைத் தேடிப் பயனில்லை. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேலுள்ள அவலாஞ்சி, எமரால்டு போன்ற இடங்களுக்குத்தான் செல்ல வேண்டும்.

இம்மீன் நம் நாட்டுக்கு உரியதன்று. 'இந்திய மீன்கள்' பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். அவர் 1860-களில் டிரௌட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படுமுன் கடற்பயணம் எவ்வளவு நீண்டது, இடையில் வெப்பம் எவ்வளவு கடுமையானது என்பதை எண்ணிப் பார்த்தால், குளிர்நீர் மீனையோ அதன் முட்டையையோ உயிருடன் கொணர்வதன் அருமை விளங்கும். பின்னர் எச். சி. வில்சன் என்பவரின் உழைப்பால் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரைக்குரிய வானவில் டிரௌட் நம் மலையோடையில் நிலைபெற்றது இவ்வாறுதான்.

இனிக் கருவி. நம் பக்கத்துத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனமே கயிற்றை நீருக்குள் இழுத்துச் செல்லும். மலையோடைத் தூண்டிலில் இரையாக அமைவது, இறகும் நூலும் கொண்டு முள்ளின்மேல் கட்டிய பொய் ஈ. அதற்குக் கனமே இல்லை. எனவே கனம் கயிற்றிலேயே அமைந்திருக்கும்; கோலைப் பின்னும் முன்னும் வீசும்போது கயிறு வளைந்து நீண்டு, நுனியிலுள்ள ஈயை மெல்ல நீர்மேல் இறக்கும். இக்கலை புதியதன்று. மாசிடோனிய மக்கள் செந்நிறக் கம்பளிநூல் சுற்றிய முள்ளால் மீன் பிடித்ததை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற அறிஞர் எழுதிவைத்தார்.

டிரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்துவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி, அதன் பின்புறமாக, நிழல் விழாமல் அணுக வேண்டும். வீச்சைப் புறப்படுமுன்பே ஏதேனும் திறந்த மைதானத்தில், முள் இல்லாமல் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பருவம். இதில்தான் உயிர் அடங்கியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பல ஊர்களுக்கு ஓர் ஆண்டில் பெய்யும் மழை அது! சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையின் மேற்குச் சரிவில் வந்து மோதுவதே காரணம். மேலே பெய்த மழை, நீங்கள் நிற்குமிடத்தில் துளி விழாதபோதே வெள்ளமாக வந்து சேரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால் மீனை மறந்து மேட்டுக்கு ஏறிவிடுங்கள். அணைக்குக் கீழுள்ள நீர் அறிவிப்பின்றி உயரக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

நான்காவது, அனுமதி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைதல் குற்றம். முக்கூர்த்தி தேசியப் பூங்கா வரையாடுகளின் இல்லம். நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறையும் வந்தது. வனத்துறை, மீன்வளத்துறை ஆகிய இரண்டையும் எழுத்து மூலம் கேட்டு, விடை வந்த பின்னரே பயணச்சீட்டு வாங்குங்கள். 'இங்கே தூண்டிலிடலாகாது' என்று விடை வந்தால், அதுவும் பயனுள்ள விடையே. அப்போது தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு ஓடையைக் காணச் செல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. டிரௌட்டைக் கொண்டுவந்தவர்கள் தங்கள் மகிழ்ச்சியை எண்ணினார்கள். ஓடையில் முன்பே வாழ்ந்த சிற்றுயிர்களைப் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. அயல்மீன் ஒன்றை ஓர் ஓடையில் விடுவது எளிது. திரும்ப எடுப்பது அரிது. ஆகவே எந்த நீரிலிருந்தும் மீனையோ முட்டையையோ வேறொரு நீருக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஓர் ஓடையில் நனைந்த காலணியை நன்கு உலர்த்தாமல் மற்றோர் ஓடையில் இறங்காதீர்கள். மீனைத் திரும்ப விடுவதாயின், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேற்பூச்சைக் குலைத்துவிடும்.

எண்ணூர்க் கழிமுகத்தின் ஏற்றவற்றத்தை எந்த நூலும் நம் மீனவருக்குக் கற்பிக்கவில்லை. பாட்டனும் தந்தையும் கற்பித்தார்கள். மலையோடைக்கும் அத்தகைய ஆசிரியர்கள் உண்டு. அங்கு வாழும் மக்களை வணக்கத்துடன் அணுகிக் கேளுங்கள். கடலை அறிந்தவன் ஓடைக்கு மாணவனே. அந்த அடக்கத்தோடு புறப்படுகிறவன் வெறுங்கையோடு திரும்பினாலும், வெறும் மனத்தோடு திரும்பமாட்டான்.