செல்போனும் என் உடம்புக் கணக்கும்
(ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எனக்கு வயசு 36. போன வருஷம் தை மாசம், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துல வீட்டுக்கு வர்ற தன்னார்வலர் அக்கா எனக்குப் பிரஷர் பார்த்தாங்க. 150-க்கு 96. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினாங்க. அங்கே டாக்டரம்மா எடை பார்த்தா 74 கிலோ. உயரம் 152 சென்டிமீட்டர். "உன் செல்போன்ல கால்குலேட்டர் இருக்குல்ல? 74-ஐ 1.52-ஆல வகு. வர்றதை மறுபடியும் 1.52-ஆல வகு"ன்னாங்க. 32 வந்தது. நமக்கெல்லாம் 23-க்கு மேல போனா எடை கூடுதல், 25-ஐத் தாண்டினா உடல் பருமன்னு சொன்னாங்க. எங்கம்மா இதே பிரஷர்ல பக்கவாதம் வந்து மூணு வருஷம் படுக்கையில கிடந்தாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லணும். செல்போன்ல எடை குறையறதைப் பத்தித் தேடினேன். அதுக்கப்புறம் தினமும் விளம்பரமா வந்துச்சு. ஒரே மாசத்துல பத்து கிலோ குறைக்கிற பவுடராம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவுன்னு பொய் சொல்லி, குழுவுல 4,000 ரூபாய் உள்கடன் வாங்கி அதை வாங்கினேன். மூணு கிலோ குறைஞ்சது, தலை சுத்தலும் வந்தது. நிறுத்தினதும் நாலு கிலோ ஏறிப்போச்சு.

மனசு கேக்காம எங்க ஊக்குநர் அக்காகிட்ட அழுதுட்டேன். அவங்க திட்டலை. "நோட்டுல எழுதாத பணம் எங்க போகும்?"னு கேட்டாங்க. "எங்க போச்சுன்னே தெரியாது"ன்னேன். "சாப்பாடும் அப்படித்தான். முதல்ல கணக்கு எழுது"ன்னாங்க.

எழுத நேரம் ஏது? அதனால வாயில வைக்கிறதை எல்லாம் செல்போன்ல போட்டோ எடுத்தேன். ஏழு நாள் கழிச்சு, எட்டாவது படிக்கிற என் மகளும் நானும் உக்காந்து பார்த்தோம். எனக்கே வெட்கமாப் போச்சு. சோறு மலை மாதிரி, பொரியல் ஒரு கரண்டி. சாயந்திரம் முறுக்கு. ராத்திரி ஒன்பதரைக்குப் பிள்ளைங்க தட்டுல மிச்சம் வச்சது. வீணாப் போகக் கூடாதுன்னு எல்லாத்தையும் என் வயித்துல கொட்டியிருக்கேன்.

நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்யறதா நினைச்சுட்டு இருந்தேன். செல்போனைச் சுருக்குப் பையில போட்டு இடுப்புல செருகிக்கிட்டேன். அதுல இருக்கிற நடைக் கணக்கு 3,200 அடின்னுதான் காட்டுச்சு. அலமாரியில வச்சுட்டு நடந்தா அது எண்ணாது, ஞாபகம் வச்சுக்கோங்க.

சோத்தைப் பாதியாக்கினேன். கீரை, பயறு, முட்டை சேர்த்தேன். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைச்சேன். அளவா ஆக்கறதால இப்ப மிச்சமே விழறதில்லை. ராத்திரி ஏழரைக்கு அலாரம் அடிச்சா சாப்பிட்டு முடிச்சுடுவேன். காலையில கண்மாய்க்கரை வரைக்கும் அரை மணி நேர நடை. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையையும் விடலை.

என்னைப் பார்த்து எங்க குழுவுல 14 பேரும் ஆளுக்கு 70 ரூபாய் போட்டு எடை மெஷின் வாங்கினோம். கூட்டத்தன்னிக்கு ஏறி நின்னு, அவங்கவங்க செல்போன்ல குறிச்சுக்குவோம். ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டி கிடையாது. எனக்குக் குறை மிச்சச் சோறு. ஒரு அக்காவுக்கு நாளைக்கு ஏழு டீ, சர்க்கரையோட. இன்னொரு தங்கச்சி கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறா, அவ சாப்பாட்டைக் குறைக்கவே வேண்டாம்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. அவங்கவங்க போட்டோதான் அவங்கவங்களுக்கு வழி சொல்லும்.

எட்டு மாசத்துல 67 கிலோவுக்கு வந்திருக்கேன். இப்பக் கணக்கு 29. இன்னும் தூரம் இருக்கு. பிரஷர் 130-க்கு 84. அந்த 4,000 ரூபாயையும் வட்டியோட கட்டி முடிச்சுட்டேன். பொய் சொன்னதுக்கு எங்க குழுகிட்ட இந்த மேடையில மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

செல்போன் பவுடரும் விக்கும், நம்ம கணக்கையும் காட்டும். எதைக் கேக்கறோம்ங்கறது நம்ம கையில. குழு நோட்டை ஒரு ரூபாய் பிசகாம எழுதறோமே, நம்ம உடம்புக்கும் ஒரு கணக்கு வச்சுக்குவோம்.