வார்டு எல்லையும் வோட்டின் மதிப்பும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஸ்தல ஸ்தாபனங்களின் வார்டு எல்லை நிர்ணயம் என்பதாகும். நோட்டீசில் இதைப் பார்த்துவிட்டு ஒரு தோழர், "இதில் பேச என்ன இருக்கிறது? இது சர்வேயர் பார்க்கிற வேலையாயிற்றே" என்று நம்மைக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கடவுளைப் பற்றியோ புராண ஆபாசத்தைப் பற்றியோ பேசுவதென்றால் கூட்டம் கூடும். திட்டுவதற்காகவாவது நாலு பேர் வருவார்கள். கோடு கிழிப்பதைப் பற்றிப் பேசினால் யார் வருவார்கள்?

ஆனால் தோழர்களே, பிரம்மா மண்டையில் எழுதினான் என்று சொல்லப்படும் தலையெழுத்தை நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை. அப்படி ஓர் எழுத்தை எவரும் கண்டதுமில்லை. இந்த வார்டுக் கோடோ, ஓர் ஆபீசில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து எழுதுவது, கண்ணால் பார்க்கலாம், வேளையோடு கேட்டால் அழித்து எழுதவும் செய்யலாம். இல்லாத தலையெழுத்துக்குப் பரிகாரம் தேடிக் கோயில் கோயிலாகச் சுற்றுகிற நம் ஜனங்கள், இருக்கிற தலையெழுத்தை ஒரு நாளும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனாலேயே இதை எடுத்துக்கொண்டோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1992-ல் நிறைவேறி 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்களின்படி, பஞ்சாயத்துகளிலும் முனிசிபாலிடிகளிலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அவர்கள் ஜனத்தொகைக்குத் தக்கபடி ஸ்தானங்கள் ஒதுக்கப்படவேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்கவேண்டும். தமிழ்நாட்டில் இது 2016-ல் சரிபாதியாக ஆக்கப்பட்டது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். நாம் குறை சொல்ல வரவில்லை. இந்தச் சட்டம் யார் நிற்கலாம் என்பதைச் சொல்லுகிறது. நிற்கிறவரை யார் பொறுக்கி எடுப்பது என்பதை வார்டுக் கோடுதான் சொல்லுகிறது. நம் பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியதே.

பேச்சுக்காக ஓர் ஊரை வைத்துக்கொள்ளுவோம். வோட்டர்கள் 1,800 பேர், வார்டுகள் ஒன்பது, வார்டுக்கு 200 வோட்டு. ஊர்த் தெருக்களில் 1,200 வோட்டு, சேரியில் 600. (சேரி என்று நேற்றுச் சொன்னோம், இன்று காலனி என்கிறோம், பெயர் மாறிற்றே ஒழிய இடம் மாறவில்லை.) காலனி மூன்றில் ஒரு பங்கு, ஆகவே மூன்று வார்டு தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியாகவேண்டும். காலனியை ஒட்டியே கோடு போட்டால், 200 வோட்டு வீதம் மூன்று வார்டுகள் காலனிக்குள்ளேயே அமைந்துவிடும். காலனிக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய மூன்று பேரைத் தாங்களே அனுப்புவார்கள். அந்த மூவரும் சுடுகாட்டுப் பாதையைக் கேட்பார்கள், தண்ணீர்த் தொட்டியைக் கேட்பார்கள். கேட்காவிட்டால் அடுத்த தடவை வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது கோட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள். காலனியை ஒன்பது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் ஊர்த் தெருவோடு சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வார்டிலும் காலனி வோட்டு 66 அல்லது 67. ஊர் வோட்டு 133-க்குக் குறையாது. சட்டப்படி மூன்று வார்டு ஒதுக்கப்பட்டே தீரும். மூன்று தாழ்த்தப்பட்டவர்கள் மெம்பர்களாக வந்தே தீருவார்கள். கணக்குப் புஸ்தகத்தில் குறை ஒன்றும் இராது. ஆனால் அந்த மூன்று பேர் யார்? ஊரார் திண்ணையில் கூடி, "நம் வயலில் வேலை செய்கிறவன், சொன்னதைக் கேட்கிறவன்" என்று பார்த்து நிறுத்தினவர்களாய் இருப்பார்கள். காலனி 67 பேரும் ஒன்றாய் நின்று வேறொருவருக்குப் போட்டாலும், ஊர் கட்டுப்பாடாய் நின்றால் அவர் தோற்பார்.

மூன்றாவது வித்தை ஒன்றும் உண்டு. காலனி 600 வோட்டையும் ஒரே வார்டில் அடைத்துவிட்டு, மிச்சமுள்ள 1,200 வோட்டை எட்டு வார்டாகப் பிரித்து வார்டுக்கு 150 என்று ஆக்கிவிடலாம். அப்போது காலனிக்காரர் நாலு பேருடைய வோட்டு, ஊர்க்காரர் ஒருவருடைய வோட்டுக்குச் சமம். மனுதர்மத்தில்கூட இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். "இதற்குச் சட்டம் இடங்கொடுக்குமா?" என்று கேட்பீர்கள். ஒரு பஞ்சாயத்துக்குள் எல்லா வார்டிலும் ஜனத்தொகை விகிதம் ஒன்றாய் இருக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-சி பிரிவு சொல்லுகிறது. ஆனால் "இயன்ற வரையில்" என்று ஒரு வார்த்தையையும் கூடவே வைத்திருக்கிறது. இயன்ற வரையில் என்றால், எழுதுகிறவனுக்கு இயன்ற வரையில் என்பதுதான் நடைமுறை.

நாம் நேரில் நடந்து பார்த்த ஓர் ஊரில் (பெயர் சொல்ல விரும்பவில்லை) வார்டு எல்லை, காலனியின் நடுத்தெருவில் சாக்கடையோடு போகிறது. இந்தப் பக்கத்து வீடு ஒரு வார்டு; எதிர் வீடு வேறு வார்டு. அண்ணன் ஒரு வார்டு, தம்பி ஒரு வார்டு. ஆனால் பெரிய தெருவுக்கு வந்ததும் அதே கோடு மிகவும் மரியாதையாக வீடுகளின் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு போகிறது! அந்தத் தெரு உடையவேயில்லை. சாக்கடை இயற்கையான எல்லையாம். எந்தச் சாக்கடை இயற்கை, எந்தச் சாக்கடை செயற்கை என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்டோம். பதில் சொல்ல அங்கு ஆளில்லை.

இது புது விஷயமல்ல. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புத் தீர்ப்பில், தாழ்த்தப்பட்டோர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே வோட்டுப் போட்டு எடுப்பதற்குத் தனித் தொகுதி கொடுக்கப்பட்டது. காந்தியார் எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24-ந் தேதி பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. மாகாண சட்டசபைகளில் 148 ஸ்தானங்கள் என்று எண்ணிக்கை கூடிற்று. ஆனால் கடைசியில் பொறுக்கி எடுக்கிற அதிகாரம் பொதுத் தொகுதியாருக்குப் போயிற்று. முதல் தேர்தலில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் வோட்டுப் போட்டு நாலு பேரை நிறுத்துவது, பிறகு எல்லோருமாக அந்த நால்வரில் ஒருவரை எடுப்பது என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்கும் பத்து வருஷந்தான் ஆயுள். டாக்டர் அம்பேத்கர் எதற்காக மன்றாடினார் என்பது நம் 1,800 வோட்டு ஊரைப் பார்த்தால் நன்றாய் விளங்கும். அதே ஒப்பந்தத்தில், ஸ்தல ஸ்தாபனங்களிலும் தாழ்த்தப்பட்டோருக்கு நியாயமான பிரதிநிதித்துவம் கிடைக்க எல்லா முயற்சியும் செய்யப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த முயற்சி சட்டத்தில் ஏற அறுபது வருஷம் ஆயிற்று.

ஏறிய பிறகாவது என்ன நடந்தது? 1996-ல் மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லாவில் கொட்டகச்சியேந்தல் ஆகிய பஞ்சாயத்துகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷ காலம் அங்கு ஒழுங்கான தேர்தல் நடக்கவில்லை. மனுப் போட ஆள் வராது. வந்தால் ஊரார் நிறுத்திய ஆள் வருவார். ஜெயித்த கையோடு ராஜிநாமாக் கடிதத்தையும் கொடுத்துவிடுவார். 2006 அக்டோபரில்தான் இதற்கு ஒரு முடிவு வந்தது. மேலவளவில் தைரியமாய் நின்று ஜெயித்த தலைவர் முருகேசன் 1997-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். இவை தலைவர் பதவியைப் பற்றியவை. அதற்குப் பஞ்சாயத்து முழுதும் ஒரே தொகுதி, கோடு போட இடமில்லை. அதனால் அரிவாளும் ராஜிநாமாக் கடிதமும் வேண்டியிருந்தன. வார்டு மெம்பர் விஷயத்தில் இந்தச் சிரமம் ஒன்றும் வேண்டாம். பென்சில் போதும், ரத்தம் சிந்தாது, பத்திரிகையிலும் வராது.

"இது நம் நாட்டு ஜாதிப் புத்தி, வெள்ளைக்காரன் தேசத்தில் நடக்காது" என்று சிலர் சொல்லக்கூடும். வட அயர்லாந்தில் டெரி என்று ஒரு நகரம். அங்கு ஜாதியில்லை, ஆனால் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்ற இரண்டு பிரிவு. இருவருக்கும் ஒரே கர்த்தர், ஒரே வேதம்; ஆனாலும் ஒருவரை ஒருவர் ஆளவிடமாட்டார்கள். கத்தோலிக்கர் பெரும்பான்மையாய் உள்ள அந்த நகரத்தை 1936-ல் மூன்று வார்டாகப் பிரித்தார்கள். 1967-ம் வருஷத்துக் கணக்கைக் கேளுங்கள். தெற்கு வார்டில் கத்தோலிக்க வோட்டு 10,047, மற்றவர் 1,138, ஸ்தானம் 8. வடக்கு வார்டில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர் 3,946. அதற்கும் ஸ்தானம் 8. வாட்டர்சைடு வார்டில் கத்தோலிக்கர் 1,852, மற்றவர் 3,697, ஸ்தானம் 4. கூட்டிப் பாருங்கள். கத்தோலிக்கர் 14,429, மற்றவர் 8,781. சபையிலோ 14,429 பேருக்கு எட்டு ஸ்தானம். 8,781 பேருக்குப் பன்னிரண்டு. நாம் சொன்ன மூன்றாவது வித்தை இதுதான்.

அதோடு விடவில்லை. வீடு உள்ளவருக்கே முனிசிபல் வோட்டு என்று அங்கு சட்டம். ஆகவே வீடு கட்டிக் கொடுத்தால் வோட்டும் கூடிப்போகும். கத்தோலிக்கருக்கு வீடு கொடுப்பதானால் தெற்கு வார்டிலேயே கொடுப்பது, அங்கு இடமில்லாவிட்டால் கொடுக்காமலே இருப்பது என்று நடத்தினார்கள். ஒரு கோட்டைக் காப்பாற்றுவதற்காகக் குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனத்தில் கிடந்தன. 1968 அக்டோபர் 5-ந் தேதி ஜனங்கள் ஊர்வலம் போனார்கள், போலீசார் அடித்தார்கள், அடித்ததை உலகம் பார்த்தது. அடுத்த வருஷம் அந்தக் கார்ப்பரேஷன் போய், நகரம் ஒரு கமிஷன் வசம் விடப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் நடந்த பித்தலாட்டம் அது.

இங்கே ஒரு கேள்வி நியாயமாய் எழும். "ஜாதி ஒழியவேண்டும் என்கிற நீங்களே காலனிக்குத் தனி வார்டு வேண்டும் என்கிறீர்களே, இது ஜாதியை நிலைக்க வைப்பதல்லவா? கலந்து இருந்தால் எல்லா மெம்பர்களும் காலனிக்கு வோட்டுக் கேட்டு வரவேண்டியிருக்குமே" என்று. இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. ஊர் இரண்டு கட்சியாய்ப் பிரிந்திருக்கும் இடத்தில் அந்த 67 வோட்டுக்கு விலை உண்டு என்பதும் மெய். தனி வார்டாய் ஒதுக்கிவிட்டால் மற்ற ஆறு மெம்பர்கள் காலனிப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பதும் மெய். ஆனால் தெருவில் கலக்கவிடாதவர்கள், குளத்தில் கலக்கவிடாதவர்கள், சுடுகாட்டில்கூடக் கலக்கவிடாதவர்கள், வோட்டுப் பெட்டியில் மட்டும் கலந்துகொள்ளலாம் வா என்று கூப்பிட்டால், அந்த அழைப்பில் அன்பு இருப்பதாக நாம் நம்பமுடியவில்லை. வீடுகள் கலந்திருக்கும் இடத்தில் வார்டும் கலந்திருக்கட்டும். அதுவே நமக்கு வேண்டியது. வீடுகள் கலவாத இடத்தில், ஜனத்தொகைக்குத் தக்க எண்ணிக்கையுள்ள வார்டுகளிலாவது காலனி வோட்டு பெரும்பான்மையாய் இருக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இன்னொரு சங்கதி. எல்லை நிர்ணயம் என்ற பெயரே, தேர்தலைத் தள்ளிப்போட ஒரு நல்ல சாக்காகவும் இருந்து வருகிறது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடக்கவேண்டும் என்பது அரசியல் சட்டம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை ஹைகோர்ட்டு ரத்துச் செய்தது. பிறகு 2017-ல் மறுவரையறைக் கமிஷன் சட்டம் வந்தது. 2011 ஜனக்கணக்கை வைத்து எல்லை போடுவதென்று காலம் போயிற்று. 27 ஜில்லாக்களின் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல். புதிதாய்ப் பிரித்த ஜில்லாக்கள் சம்பந்தப்பட்ட ஒன்பதுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். 2019-ல் வந்தவர்கள் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தேர்தல் இல்லை. தனி அதிகாரிகளே வந்தார்கள். மேயரை ஜனங்களே எடுப்பதா, கவுன்சிலர்கள் எடுப்பதா என்பதோ தோளில் துண்டை மாற்றிப் போடுவதுபோல் ஆகிவிட்டது: 1996-லும் 2001-லும் ஜனங்கள், 2006-ல் கவுன்சிலர்கள், 2011-ல் ஜனங்கள், 2022-ல் கவுன்சிலர்கள். ஆளும் கட்சிக்கு எந்தத் தோள் சௌகரியமோ அந்தத் தோள்.

ஆகவே செய்யவேண்டியது என்ன? நகல் பட்டியல் ஒட்டியிருக்கும் நாட்களில்தான் நம் வேலை. முடிவான உத்தரவு வந்துவிட்டால் கோர்ட்டுக்குப் போவது சுலபமல்ல. எல்லை நிர்ணயச் சட்டத்தைக் கோர்ட்டில் கேள்வி கேட்கலாகாது என்று 243-ஓ பிரிவே தடுக்கிறது. பட்டியல் வந்த அன்றே நகல் கேளுங்கள். வோட்டர் ஜாபிதாவைத் தெருத் தெருவாகப் பிரித்து, எந்த வார்டில் எத்தனை தலை என்று எண்ணுங்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையோடு நடந்து பாருங்கள். உட்கார்ந்து படித்தால் தெரியாதது நடந்தால் தெரியும். ஆட்சேபணையில் அழவேண்டாம், வையவேண்டாம். எண்ணிக்கையை எழுதி, இந்தத் தெருவை இந்த வார்டில் சேர்த்தால் இவ்வளவு ஆகும் என்று மாற்றுப் பட்டியலையும் கூடவே வையுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பவேண்டாம்.

இந்த ஊர்ப் பட்டியலையும் படத்தையும் கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்தால் தெருத் தெருவாகப் பார்க்கலாம். ஒலிபெருக்கிக்காரர் ஒன்பது மணிக்கு விளக்கை அவிழ்க்கவேண்டும் என்கிறார்; ஆகையால் மேலத்தெருக்காரர்களும் காலனித் தோழர்களும் முதலில் வரவேண்டும். தகராறு அந்த எல்லையில்தான் இருக்கிறது.