சட்டமாகிய இரக்கம்



அருளுடைமை ஆள்வோர்க்கு அணி என்கிறோம். பதவியில் அமர்ந்தோரிடம் அவ்வருள் எவ்வாறு தொழிற்பட வேண்டும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமன்றப் பணியைக் கொண்டு இதனைக் காண விழைகிறேன்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆகவே, சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராக அமர்ந்தபோது, பொட்டுக்கட்டும் வழக்கம் அம்மையாருக்கு ஏட்டில் படித்த செய்தியன்று. 1927-இல் அதனை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார்.

ஆனால் நான் வியப்பது அத்தீர்மானத்தையன்று. 1929-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தையே. கோயிற்பணிக்கு ஈடாகத் தேவதாசியர் மானிய நிலத்தை நுகர்ந்து வந்தனர். பணி நின்றால் நிலமும் போகும். தன் மகளுக்குப் பொட்டுக்கட்ட மறுக்கும் தாய், குடும்பத்தின் சோற்றையே இழக்க வேண்டியிருந்தது. பணியினின்று விடுபட்டாலும் நிலம் அவளிடமே நிற்கும் என்று அத்திருத்தம் வகை செய்தது. மேடையில் கண்ணீர் வடிப்போர் பலர். கட்டிய கயிற்றின் முடிச்சு எங்கே உள்ளது என்று தேடிப் பார்ப்பவர் சிலரே.

எதிர்ப்பு எழாமலில்லை. சத்தியமூர்த்தி போன்ற நாவலர் மறுத்தனர். அது இருக்கட்டும். தேவதாசியருள்ளேயே ஒரு சாரார், தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அரசுக்கு விண்ணப்பம் விடுத்தனரே, அதனை நாம் எளிதில் கடந்துவிடலாகாது. அம்மையார் அவர்களைக் காக்கப்பட வேண்டியவர்களாக மட்டுமே கண்டார் எனும் பிற்கால ஆய்வாளர் குறை முற்றும் பொய்யன்று. எனினும், அம்முறையின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஒழிப்பையே வேண்டினார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துன்புறுவோர் குரல் எப்போதும் ஒன்றாக ஒலிப்பதில்லை. ஆள்வோர்க்குரிய கடினமே அதுதான்.

1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். பதவி போயிற்று, பணி போகவில்லை. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட சிறுமியர்க்குத் தம் இல்லக் கதவைத் திறந்தார். அதுவே அவ்வை இல்லமாயிற்று. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான், அவர் அந்த அவையை விட்டு நீங்கிப் பதினேழு ஆண்டுகள் கழித்து, நிறைவேறியது. அதற்குள் அவ்வில்லத்தில் ஒரு தலைமுறைப் பெண்கள் படித்து வெளியேறியிருந்தனர்.