ஏற்காடு கிளம்பும் முன்: கொஞ்சம் பேசிவிடுவோம்

(சங்கக் கூட்டத்தில் பேசியது. அன்று வராதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



வரும் ஞாயிறு ஏற்காடு போகிறோம். காலையில் தனியார் பூங்கா ஒன்றில் ஜிப்லைன், பிறகு கிளியூர் நீர்வீழ்ச்சி. என்ன டிரஸ், என்ன செருப்பு என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஜிப்லைன் ஏறும் முன் ஒரு படிவம் நீட்டுவார்கள். பேங்க் கவுண்டருக்கு அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். நம் ஆட்கள் "எங்கே சார் போடணும்?" என்று கேட்பார்களே தவிர, எதில் போடுகிறோம் என்று பார்க்க மாட்டார்கள். இந்தப் படிவத்தைப் படியுங்கள். இதய நோய், சமீபத்திய ஆபரேஷன், வலிப்பு, முதுகுத் தண்டு பிரச்சினை, கர்ப்பம் எல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது "எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது" என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அதனால் சனிக்கிழமைக்குள் என்னிடமோ செயலாளரிடமோ தனியாகச் சொல்லிவிடுங்கள். ஏறவில்லை என்றால் காரணம் கேட்க மாட்டோம். "சும்மா ஏறுங்க மாமா, ஒண்ணும் ஆகாது" என்று யாரும் யாரையும் தள்ளக்கூடாது. இதை இளைஞர்களுக்குத்தான் சொல்கிறேன்.

காப்பீட்டையும் பாருங்கள். தனிநபர் விபத்து பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு விலக்கு உண்டு, பொடி எழுத்தில் இருக்கும். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேராதவர்கள் இதைச் சாக்கிட்டாவது சேருங்கள். வருஷம் 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் புதுப்பிக்காமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜிப்லைனில் எடை வரம்பு மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. ரொம்ப லேசான குழந்தை கம்பியின் பாதியிலேயே நின்றுவிடும், கனமானவர் வேகமாக வந்து மோதுவார். அதனால் எடையைக் குறைத்துச் சொல்லி உள்ளே போகாதீர்கள். துப்பட்டா, புடவை, தொங்கும் செயின் வேண்டாம். பெண்கள் சுடிதாருக்குத் துப்பட்டா இல்லாமல் வரலாம், தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள். கண்ணாடிக்குக் கயிறு போடுங்கள். உருளைக்கு முன்னால் கம்பியைக் கையால் பிடிக்கவே கூடாது, விரல் போய்விடும். இடுப்புப் பட்டையைக் கம்பியோடு இணைக்கும் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்யும் பையன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இனி கிளியூர். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே வருகிறது. அதனால் நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருந்தால் தண்ணீர் திடீரென்று கூடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, போட்டோவை விட்டுவிட்டு உடனே மேலே ஏறுங்கள். குளிக்கத் தடை போட்டிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுவோம்.

செங்குத்தான இறக்கம் அது. இறங்கும்போது முழங்கால் சொல்லும், ஏறும்போது நெஞ்சு சொல்லும். இறங்குவது சுலபம் என்று எல்லோரும் இறங்கிவிடுவார்கள், சங்கடமே திரும்பி ஏறுவதில்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே உட்காருங்கள். நானும் அங்கேதான் உட்காரப்போகிறேன், பைகளைப் பார்த்துக்கொள்கிறேன். குரங்குகள் வேறு இருக்கும், பாலித்தீன் கவரைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

ஹவாய் செருப்பு வேண்டாம். பின்னால் வார் உள்ள, அடியில் பிடிப்புள்ள ரப்பர் செருப்பு அல்லது கேன்வாஸ் ஷூ போதும். பச்சையாகப் பாசி படிந்த பாறையில் கால் வைக்காதீர்கள். அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள், நகத்தால் மெல்ல வழித்து எடுங்கள்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஏறி இறங்கிய பின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கையில் குளுக்கோஸோ நாலு சாக்லேட்டோ இருக்கட்டும், பக்கத்தில் வருபவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பஸ் காலை 6 மணிக்கு மெயின் கேட்டிலிருந்து கிளம்பும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருபவர்கள் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் சீட்டில் உட்காருங்கள். முன் சீட்டு அவர்களுக்கு மட்டும்தான்.