மிதிபலகைய எடைக்குப் போடல

குழுக்கடன் வாங்கி என் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டினேன். மிதிச்சப்ப நாளைக்கு மூணு ஜாக்கெட்தான், மோட்டார்ல அஞ்சு. முழங்கால் வலியும் குறைஞ்சுது. மிதிபலகையப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாரு எங்க வீட்டுக்காரர். நான் விடல.

2018 நவம்பர் 16, கஜா புயல். இருபது நாளைக்கு மேல கரண்ட் இல்ல. அரசு கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டர் எல்லாம் சும்மா நின்னுச்சு. கொல்லையில கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி நாலு வீட்டுக்கும் மாவாட்டினோம். கை காய்ச்சுப்போச்சு, அதையும் சொல்லணும்! கிழிஞ்ச பள்ளிக்கூட யூனிஃபார்மைத் தூக்கிக்கிட்டு ஆள் வந்துச்சு. மோட்டார் பெல்ட்டைக் கழட்டிட்டு, கீழ்ச்சக்கரத்துல தோல்வாரை மாட்டி, பகல் வெளிச்சத்துல மிதிச்சே தைச்சேன்.

அந்த மாசத் தவணை தவறல. தோல்வார் இன்னும் மெஷின் டிராயர்லதான் இருக்கு.